பலகை மாட்டத் தயங்கும் பட்டறைகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலை கிட்டத்தட்ட காலியாக இருக்கும். பால் பாக்கெட் இறக்கும் வண்டி ஒன்று, பேப்பர் போடும் பையனின் சைக்கிள், நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய சில பெரியவர்கள், அவ்வளவுதான். அந்த அமைதியில் மேம்பாலத்தின் மேலிருந்து ஒரு சத்தம் இறங்கி வரும். முதலில் அடித்தொண்டை உறுமல். அடுத்து கியர் மாறும்போது பட்டாசு போல இரண்டு வெடிப்பு. ஏதோ கோடி ரூபாய் கார் என்று திரும்பிப் பார்த்தால், பத்து வயதான ஃபோக்ஸ்வேகன் போலோ. அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடும்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு திட்டுகிறவர் உண்டு. "என்ன மச்சான் பண்ணியிருக்கான் இதுல!" என்று வாய் பிளக்கிற கல்லூரிப் பையனும் உண்டு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காரின் திறனைக் கூட்டித் தரும் பட்டறைகள் சென்னையில் வளர்ந்துகொண்டே வருகின்றன. ஆனால், என்ன வேலை செய்கிறோம் என்பதை வாசலில் எழுதி வைக்கத் தயங்கிக்கொண்டே வளர்கின்றன. அந்த நிலை மாற வேண்டும். பட்டறைக்காரர் பிழைப்புக்கு அது எவ்வளவு அவசியமோ, ஜன்னலைச் சாத்துகிறவரின் தூக்கத்துக்கும் அவ்வளவு அவசியம்.

ஆழ்வார்பேட்டை நில விலைக்கு லேத்தும் லிஃப்டும் வைத்த பட்டறை கட்டுப்படியாகாது. அதனால் கார் இங்கே, பட்டறை வேறெங்கோ. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளின் ஓரம், பழைய மகாபலிபுரம் சாலையின் உள்சந்துகள் என்று தகர ஷெட்டுகளில் வேலை நடக்கிறது. பலகையில் 'கார் கேர்' என்றிருக்கும், 'டீடெய்லிங்' என்றிருக்கும். 'டியூனிங்' என்ற சொல் அபூர்வம். வாடிக்கையாளர் வாய்வழியாகத்தான் வருகிறார். பாலிஷ், கோட்டிங், வழக்கமான சர்வீஸ் என்று தினசரி வருமானம் ஒரு பக்கம் ஓடினால்தான் இப்படியொரு பட்டறை தாக்குப்பிடிக்கும். மாதத்தில் நான்கு நல்ல டியூனிங் வேலையை நம்பி வாடகை கட்ட முடியாது.

வேலை என்னவென்று தெரியாமல் சட்டத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கார்புரேட்டர் காலத்தில் டியூனிங் என்பது கையும் காதும் சேர்ந்து செய்த தொழில். பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி டைமிங் வைத்து, ஜெட்டை மாற்றிப் போடுவார்கள். பிறகு ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார்கள். செங்கல் நிறம் என்றால் சரி. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் போதவில்லை. 2000 வாக்கில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் விடைபெற்றது. எஞ்சினின் மூளை ஒரு சிறு பெட்டிக்குள் போய்விட்டது. இசியு என்று பட்டறையில் சொல்வது அதைத்தான்.

இன்றைய டியூனர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் ஒயரை மாட்டி, லேப்டாப்பில் அந்தப் பெட்டியின் கணக்கைப் படிக்கிறார். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், பொறி எப்போது, டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும் என்று வரிசை வரிசையாக எண்கள். அவற்றைத் திருத்தித் திரும்ப எழுதுவதற்குப் பெயர் ரீமேப். கம்பெனிக்காரர்கள் அதில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைக்கிறார்கள். ஒரே எஞ்சின் பல நாடுகளின் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் மலைப்பாதைக்கும் ஈடுகொடுக்க வேண்டுமே! அந்த இடைவெளிதான் டியூனரின் தொழில்.

2013-ல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ காரையே எடுத்துக்கொள்வோம். 1,197 சிசி டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். ரீமேப் செய்தால் இரண்டுமே கணிசமாக ஏறும். எவ்வளவு ஏற்றலாம் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் நல்ல டியூனரின் கேள்வி. அந்தக் காரின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி உலர் கிளட்ச் வகை; 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும்படி வடிவமைத்தது. எஞ்சின் அதற்கு மேலும் தரக்கூடும். கியர்பாக்ஸ் தாங்காது. அது போனால் வரும் பில்லில் ஒரு நல்ல பைக் வாங்கிவிடலாம்.

அடுத்தது சென்னை வெயில். கத்தரி வெயிலில் 40 டிகிரி காற்றை உள்ளிழுக்கும் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு, சூடு அதிகம். அதோடு பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது சாதா பெட்ரோல்தான், உயர் ஆக்டேன் வகை அல்ல. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் டைமிங்கை ஆசைக்கு முன்னே தள்ளினால், எரிய வேண்டிய கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்பார்கள். போனட்டுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குவது போல மெல்லிய ஓசை வரும். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியது உண்மைதான். ஆனால் அதை எல்லா ஊரிலும் எல்லா நாளும் நிரப்பிக்கொள்ள முடியாது. ஜெர்மனியின் குளிருக்கு எழுதிய ஃபைலை இணையத்தில் வாங்கி அப்படியே சென்னைக் காரில் ஏற்றுகிறவருக்கும், இந்த ஊர் மே மாதத்தை மனத்தில் வைத்து எண்களைக் குறைக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

திறனை அளக்கும் டைனோ எந்திரம் வைத்திருக்கும் பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். காரை உருளைகளின் மேல் ஏற்றி, பின்புறம் இரண்டு பக்கமும் பட்டைகளால் இழுத்துக் கட்டுகிறார்கள். முன்னால் ஆள் உயர மின்விசிறி சுழல்கிறது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, கார் நின்ற இடத்திலேயே நூற்றைம்பதில் ஓடுகிறது. ஷெட் தகரம் அதிர்கிறது. திரையில் இரண்டு கோடுகள் வளைந்து ஏறுகின்றன. வாடிக்கையாளரின் கண் உச்சியில் நிற்கும் எண்ணைத் தேடுகிறது. "நம்பரைப் பார்க்காதீங்க சார், கோட்டைப் பாருங்க" என்கிறார் வேலை தெரிந்தவர். நடுவில் எங்காவது கோடு பள்ளம் விழுகிறதா, கலவை வெளுக்கிறதா, சூடு எவ்வளவு என்பதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் அரசாங்கம் அடையாளம் காண வேண்டும்.

இந்த ஆசை சென்னைக்குப் புதிதல்ல. 1903-லேயே மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் காரைக் கட்டியிருக்கிறார். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. ஊருக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரம் அதன் பந்தய மைதானமானது. வெளிநாட்டுப் பாகம் எதுவும் எளிதில் கிடைக்காத காலம் அது. 1,089 சிசியும் 40 குதிரைத்திறனும் கொண்ட ஃபியட், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த ஹெரால்டு, அம்பாசிடர் என்று தெருவில் ஓடும் வண்டிகளையே பிரித்து மேய்ந்து பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். சிலிண்டர் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டினார்கள். காற்றுப் பாதைகளைக் கையால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் கிடைக்காததை லேத்தில் கடைந்துகொண்டார்கள். எதுவும் கிடைக்காத அந்தக் காலம்தான் இந்த ஊரின் மெக்கானிக்குகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ்நாட்டில் ஒரு பட்டறை எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டியவர் கோவை எஸ். கரிவரதன். ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தவர்; சோழவரத்தில் 'பிளாக் பியூட்டி' என்ற சொந்தக் காரை ஓட்டியவர். பணமிருந்தது, வெளிநாட்டுக் கார்களை வாங்கி ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. 796 சிசி, மூன்று சிலிண்டர், சந்தைக்குக் கறிகாய் வாங்கப் போகும் மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கை பந்தயக் காரைக் கட்டினார். 1988-ல் ஃபார்முலா மாருதி பிறந்தது. ஒரே மாதிரி எஞ்சின், ஒரே மாதிரி உடல், செலவு குறைவு. வெல்ல வேண்டுமானால் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை பணக்காரர்களின் கையில் இருந்த பந்தயத்துக்குள் நடுத்தரக் குடும்பத்துப் பையன் நுழைய ஒரு வாசல் அப்படித்தான் திறந்தது.

1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது நாற்பத்தொன்று. பத்து வருடம் கழித்து, 2005-ல், கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணியின் காரில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். அந்த உயரத்தைத் தொட்ட முதல் இந்தியர். அவர் கைபழகிய தொடக்கக் கால வண்டி ஃபார்முலா மாருதி. 2010-ல் அடுத்தவராகப் போன கருண் சந்தோக் சென்னைக்காரர். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயப் பாதை கரிவரதன் பெயரைத் தாங்கி 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று நிற்கிறது. சென்னைக்கு 1990-லேயே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பாதை கிடைத்துவிட்டது. ஒரு பெரிய நாட்டின் முதல் இரண்டு ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களும் ஒரே மாநிலத்திலிருந்து வந்தது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினைப் பிரித்துப் போடத் தெரிந்த ஒரு கூட்டம் இங்கே இருந்தது.

உலகம் கொண்டாடும் பல பெயர்களும் இப்படிச் சின்ன ஷெட்டில் தொடங்கியவைதான். கார்லோ அபார்த் 1949-ல் இத்தாலியில் தொடங்கிய கம்பெனிக்குச் சோறு போட்டது ஃபியட் கார்களுக்கான சைலன்சர். 1971-ல் ஃபியட்டே அதை வாங்கிக்கொண்டது. 1967-ல் ஜெர்மனியில் ஆஃப்ரெக்ட், மெல்ஷர் என்ற இரண்டு எஞ்சினியர்கள் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் ஏஎம்ஜியைத் தொடங்கினார்கள். நான்கே வருடத்தில் அவர்கள் திருத்திய கனத்த மெர்சிடஸ் ஒன்று பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. 1999-ல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை மெர்சிடஸின் தாய் நிறுவனமே வாங்கியது. இன்று ஆழ்வார்பேட்டையிலும் போட் கிளப்பிலும் ஏஎம்ஜி எழுத்துப் பொறித்த கார்கள் நிற்கின்றன. அந்த எழுத்து ஒரு டியூனிங் பட்டறையின் பெயர்ப்பலகைதான்.

நம் ஊர்ப் பட்டறை ஏன் அப்படி வளர முடியவில்லை? திறமைக் குறைவில்லை. சட்டம் அதற்குக் கதவே வைக்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 நேராகப் பேசுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்றது. அபராதத்தைக் கட்டிவிடலாம். பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். மாற்றத்தைச் சொல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் கம்பெனி இழப்பீட்டை மறுக்க வழி இருக்கிறது. சொன்னால் மாற்றமே சட்டத்துக்குப் புறம்பு. எனவே எல்லோரும் சொல்லாமல் ஓட்டுகிறார்கள்.

சட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. சாலையில் ஓடும் வண்டி சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒருவரின் பொழுதுபோக்குக்கு இன்னொருவர் உயிரைக் கொடுக்க முடியாது. தவறு, நல்ல வேலையையும் கெட்ட வேலையையும் ஒரே தராசில் போடுவதில் இருக்கிறது. பெரிய பிரேக் டிஸ்க் மாட்டிச் சோதித்துக் கொடுப்பவரும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயை வெல்ட் வைப்பவரும் இன்று சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அப்படியிருக்க, ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு என்ன லாபம்? அவருக்குச் செலவு கூட, வருமானம் குறைவு. அடுத்த சந்தில் இருப்பவர் பாதி விலைக்கு வெடிச்சத்தத்தோடு அனுப்பி வைக்கிறார்.

இத்தனைக்கும் அதே பிரிவு 52-லேயே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. பெட்ரோல் கார்களை கேஸுக்கும் பேட்டரிக்கும் மாற்றச் சட்டம் அனுமதிக்கிறது. சோதித்து அங்கீகரிக்கப்பட்ட கிட், அங்கீகரிக்கப்பட்ட பட்டறை, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு என்ற வழியில் அது நடக்கிறது. வண்டியின் டிக்கியில் அழுத்தம் நிறைந்த சிலிண்டரை வைத்து ஓட்டுவதற்கே பாதுகாப்பான ஒரு நடைமுறையை நம்மால் வகுக்க முடிந்திருக்கிறது. பிரேக், சஸ்பென்ஷன், டயர் அளவு, வரம்புக்குட்பட்ட ரீமேப் ஆகியவற்றுக்கு அதே நடைமுறையை நீட்டுவதில் என்ன சிரமம்? ஜெர்மனியில் டூஃப் போன்ற சோதனை அமைப்புகள் மாற்றங்களைப் பரிசோதித்துச் சான்று தருகின்றன, வண்டியின் ஆவணத்தில் அது ஏறுகிறது. ஜப்பான் 1995-ல் மாற்றங்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. அங்கே வண்டி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடுமையான பரிசோதனையைத் தாண்டியாக வேண்டும். தளர்வும் கண்டிப்பும் சேர்ந்தே போகின்றன.

தமிழ்நாட்டுக்கு இதற்கான வசதி வாசலிலேயே இருக்கிறது. ஆழ்வார்பேட்டையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில், ஒரகடத்தில், மத்திய அரசு அமைத்த உலகத்தர வாகன ஆராய்ச்சி மையம் நிற்கிறது. எஞ்சின் சோதனை முதல் மோதல் சோதனை வரை அங்கே செய்ய முடியும். பெரிய கம்பெனிகள் வாசலில் நிற்கும் அந்த மையத்தில், சின்னப் பட்டறைக்காரர் தன் கிட்டைக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் சோதித்துக்கொள்ள மாதத்தில் சில நாட்களை ஒதுக்கலாம். மோட்டார் வாகனம் என்பது அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கும் விஷயம். மாநிலம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முன்மொழியலாம், மத்திய அரசோடு சேர்ந்து ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்திக் காட்டலாம்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பாதையில் விளக்கு வெளிச்சத்தில் பந்தயம் நடத்தியது இந்த மாநிலம். நேப்பியர் பாலத்தில் ஃபார்முலா 4 கார்கள் பறந்ததை ஊரே பார்த்தது. நான்கு மாதம் கழித்து, 2025 ஜனவரியில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்து தேசியக் கொடியோடு நின்றபோது தெருத்தெருவாகப் பட்டாசு வெடித்தார்கள். அந்த இரவுகளுக்குப் பிறகு எத்தனை பையன்களுக்குக் கார் மேல் பித்துப் பிடித்திருக்கும்! பித்தை மூட்டிவிட்டு, அதைக் கற்றுக்கொள்ளும் பட்டறையை மட்டும் சந்துக்குள் ஒளித்து வைப்பது சரியல்ல. ஐடிஐ படித்த பையன் அப்படிப்பட்ட பட்டறையில் இரண்டு வருடம் கற்றால் அவன் கைக்கு வருவது நாளை எந்தக் கார்க் கம்பெனியும் சம்பளம் கொடுத்து வாங்கும் தொழில். 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது அதன் ஆலை இருந்த மறைமலைநகர் பட்ட பாடு நினைவிருக்கிறது. பெரிய ஆலையை மட்டுமே நம்பியிருக்கும் ஊருக்குச் சின்னப் பட்டறைகளும் பலமாக இருப்பது நல்லது.

பட்டறைக்காரர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும், சட்டம் மாறும்வரை காத்திருக்காமல். திறனைக் கூட்டும் முன் பிரேக்கையும் டயரையும் பார்க்காமல் ஒரு வண்டியையும் கையில் எடுக்கக் கூடாது. கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்லி வருகிறவரிடம் "அந்த வேலை இங்க செய்றதில்ல தம்பி" என்று சொல்ல வேண்டும். கியர் மாறும்போது வெடிக்க வைக்கும் அந்த ஓசை எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டுவதில்லை; பெட்ரோலை வீணாகக் குழாய்க்குள் எரிப்பதுதான் அது. டி.டி.கே. சாலையில் காவேரி மருத்துவமனை இருக்கிறது. மார்கழியில் மியூசிக் அகாடமியிலும் நாரத கான சபாவிலும் கச்சேரி முடித்து நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும் அந்த ஒரு வெடிச்சத்தம், நூறு நல்ல டியூனர்களின் பெயரைக் கெடுக்கப் போதும். அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 189-இன்படி குற்றம், சிறைக்கும் வழியுண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போலீஸ் அதைக் கண்டிப்போடு அமல்படுத்துவதில் தவறே இல்லை.

போக்குவரத்துத் துறை ஒரு வேலையை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும். பட்டறைக்காரர்கள், ஆர்டிஓ அதிகாரிகள், போக்குவரத்துக் காவல்துறை, இன்சூரன்ஸ் கம்பெனிகள், ஒரகடம் மையத்தின் எஞ்சினியர்கள் அனைவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்த மாற்றத்துக்குச் சான்று தரலாம், எதற்குத் தரவே கூடாது என்று பட்டியல் எழுத வேண்டும். பட்டியலில் உள்ள வேலையைச் செய்யத் தகுதி பெற்ற பட்டறைக்கு உரிமம் கொடுத்து, அதை வாசலில் பெரிய எழுத்தில் மாட்டச் சொல்ல வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பும் தம்பிகள் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும். வண்டியை விரட்டிப் பார்க்க ஆசையென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் டே நடக்கும் நாளில் ஹெல்மெட்டோடு அங்கே போகட்டும்.